புதுப்பிப்பு: முன்பக்கம் இடிபட்ட 2012 ஆல்டோ, சரிசெய்தாகிவிட்டது

பழைய ஆல்டோவில் பானட், பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போச்சு, சர்வீஸ் சென்டர் 58,000 ரூபாய் கேட்கிறது, சரிசெய்யலாமா, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“முதலில் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நேராக இருக்கிறதா பார், அப்புறம் பணத்தைப் பேசு” என்றவர் சொன்னதுதான் கைகொடுத்தது. வெளியில் ஒரு டிங்கரிடம் அளந்து பார்த்ததில், ரேடியேட்டரைத் தாங்கும் முன் பட்டை மட்டும்தான் வளைந்திருந்தது. வண்டியின் காப்பீட்டு மதிப்பு 70,000. பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்புக் கணக்கு (சரிசெய்யாமல், மதிப்பைக் கொடுத்து முடித்துவிடுவது) என்பதால், சர்வீஸ் சென்டர் விலைக்கு வண்டி அதில் போயிருக்கும். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போகும். அதனால் கிளைம் போடவில்லை.

பானட்டும் ஹெட்லைட்டும் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்தன. பானட் அதே வெள்ளை, பெயிண்ட் செலவு மிச்சம். ரேடியேட்டர் மட்டும் புதிது. மொத்தம் 24,000.

எதிர்பாராதது: ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரிலும் (ஏசி கேஸைக் குளிர்விக்கும் பாகம்) கசிவு. கேஸ் நிரப்பிய பிறகுதான் தெரிந்தது. ரேடியேட்டரைக் கழற்றும்போதே அதையும் சோதிக்கச் சொல்லுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.