ஆல்பீயிட்: ஆல்தோ வர்ற இடத்துல எல்லாம் இதைப் போடலாமா?

புதுவாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி கேக்கணும். ஸ்பெல்லிங் ஏ, எல், பி, இ, ஐ, டி. தலையங்கம், ஆபீஸ் ரிப்போர்ட், ஆராய்ச்சிக் கட்டுரை எதைப் பிரிச்சாலும் எங்கயாவது ஒரு கமாவுக்குப் பக்கத்துல இது இருக்கு. படிக்கும்போது சுமாரா அர்த்தம் பிடிபடுது, ஆனா நானா ஒரு வாக்கியம் எழுதலாம்னு உக்காந்தா எங்க வைக்கணும்னே தெரியல, டிக்‌ஷனரியைப் பார்த்தா 'ஆல்தோ'ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிடுறாங்க, அதுக்கு மேல ஒண்ணும் சொல்றதில்ல. அப்போ ஆல்தோ வர்ற எல்லா இடத்துலயும் இதைத் தூக்கிப் போட்டா சரியாயிடுமா?

மூணு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், பாருங்க:

தி பிளான் வொர்க்டு, ஆல்பீயிட் ஸ்லோலி.

ஆல்பீயிட் தி ரெயின், தி மேட்ச் கன்டின்யூடு.

ஆல்பீயிட் ஹீ வாஸ் டயர்டு, ஹீ ஃபினிஷ்டு தி ரிப்போர்ட்.

எது நிக்கும், எது நிக்காது, ஏன்னு யாராவது விளக்கிச் சொன்னா நல்லாருக்கும். உச்சரிப்பும் சொல்லுங்க, 'அல்பைட்'னு சிலர் சொல்றாங்க, 'ஆல்பெய்ட்'னு சிலர் சொல்றாங்க.

---

வேகநடை:

ப்ரோ, சிம்பிளா சொல்லணும்னா 'இருந்தாலும்'னு அர்த்தம். ஆல்தோ, தோ, டெஸ்பைட் எல்லாம் ஒரே குடும்பம், கொஞ்சம் ஃபார்மலா எழுதணும்னா இதைப் போட்டுக்கலாம். உங்க மூணு வாக்கியமும் படிச்சா புரியுது, முதலாவது ரொம்ப நல்லாருக்கு.

---

தாள்திருத்தி:

வேகநடை சொன்ன மாதிரி 'இருந்தாலும்' குடும்பம்தான், அதுல சந்தேகமில்ல, ஆனா டெஸ்பைட்டையும் இதையும் ஒரே பையில போட்டா அடுத்து எழுதுற ஒவ்வொரு வாக்கியமும் கோணலாப் போகும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையாப் படிங்க.

நம்ம பேச்சுல ஒரு பழக்கம் இருக்கு பாருங்க. "வேலை முடிஞ்சிருச்சு, என்ன, கொஞ்சம் லேட்டு." "வீடு நல்லாருக்கு, என்ன, கொஞ்சம் சின்னது." அந்த 'என்ன' இருக்கே, அது என்ன பண்ணுது? வேலை முடியலன்னு சொல்லல. வீடு நல்லால்லன்னும் சொல்லல. சொன்ன விஷயம் அப்படியே நிக்குது, அது மேல ஒரு சின்ன குறையை ஒத்துக்கிட்டு, அளவைக் கொஞ்சம் சுருக்கி வைக்குது, அவ்வளவுதான். ஆல்பீயிட் செய்யிற வேலையும் கிட்டத்தட்ட இதேதான். என்ன, அந்த 'என்ன' பேச்சுல வர்றது, இது கோட் போட்ட எழுத்துல வர்றது.

இதை மனசுல வச்சுக்கிட்டு உங்க முதல் வாக்கியத்தைப் பாருங்க. பிளான் வேலை செஞ்சுது, என்ன, மெதுவா. கச்சிதம். 'ஸ்லோலி' எதைப் பத்தி பேசுது? வேலை செஞ்ச விதத்தைப் பத்தியேதான் பேசுது. அதாவது கமாவுக்கு முன்னாடி சொன்ன அதே விஷயத்தைத்தான் பின்னாடி வர்ற சொல்லும் தொட்டுப் பேசணும்.

இப்போ ரெண்டாவது. மேட்ச் நடந்துது, மழை பெஞ்சுது. மழைங்கிறது மேட்சோட ஒரு தன்மை கிடையாது, அது வெளிய இருந்து வந்த தடை. "மேட்ச் நடந்துது, என்ன, மழை"ன்னு சொல்லிப் பாருங்க, என்னவோ மாதிரி தொங்குதில்ல? தடையை மீறி ஒண்ணு நடந்துதுன்னு சொல்றதுக்குத்தான் டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப் எல்லாம் இருக்கு, டெஸ்பைட் தி ரெயின்னு எழுதினா முடிஞ்சுது. ஆல்பீயிட் அந்த இடத்துல தப்பு. இலக்கணமா சொன்னா டெஸ்பைட் ஒரு ப்ரிபோசிஷன், ஆல்பீயிட் ஒரு கன்ஜங்‌ஷன், ஆனா இந்தப் பேரை மட்டும் மனப்பாடம் பண்ணா எழுதும்போது கை கொடுக்காது, 'அதே விஷயமா, வெளிய இருந்து வந்த தடையா'ன்னு கேட்டுப் பாக்குறதுதான் கை கொடுக்கும்.

அப்போ பெயர்ச்சொல் பின்னாடி வரவே வராதான்னு கேட்டா, நல்லாவே வரும். இட் வாஸ் எ விக்டரி, ஆல்பீயிட் எ ஸ்மால் ஒன். வெற்றிதான், என்ன, சின்ன வெற்றி. இங்க 'எ ஸ்மால் ஒன்'னு சொல்றது அந்த விக்டரியையேதான், வேற ஒண்ணை இல்ல. ஹீ இஸ் எ ரிலேட்டிவ், ஆல்பீயிட் எ டிஸ்டன்ட் ஒன். சொந்தக்காரர்தான், தூரத்துச் சொந்தம். இந்த அச்சை அப்படியே பிடிச்சுக்கலாம், நல்ல எழுத்துல அடிக்கடி வர்ற அமைப்பு இது.

மூணாவது வாக்கியத்துல கதை வேற. ஹீ வாஸ் டயர்டுன்னு எழுவாய், வினை எல்லாம் சேர்ந்த முழு வாக்கியத்தைப் பின்னாடி வச்சிருக்கீங்க, அதையும் வாக்கியத்தோட தொடக்கத்துலயே வச்சிருக்கீங்க. பழைய எழுத்துல, சட்டம் சார்ந்த எழுத்துல முழு வாக்கியம் வர்றது உண்டு, 'ஆல்பீயிட் தட்'னு 'தட்' சேர்த்தும் எழுதுவாங்க. ஆனா இன்னைக்கு எழுதுறவங்க பெரும்பாலும் இதுக்குப் பின்னாடி ஒத்தைச் சொல்லோ சின்னச் சொற்றொடரோதான் வைப்பாங்க: ஆல்பீயிட் ஸ்லோலி, ஆல்பீயிட் இன் எ ஸ்மால் வே, ஆல்பீயிட் வித் சம் டிஃபிகல்ட்டி, ஆல்பீயிட் ரிலக்டன்ட்லி. முழு வாக்கியம் வந்தா ஆல்தோவுக்கு விட்டுக் கொடுத்துடுங்க. ஆல்தோ வாக்கியத்துக்கு முதல்லயும் நிக்கும் நடுவுலயும் நிக்கும், இது முதல்ல வர்றது அபூர்வம், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிட்டு அதுக்கப்புறம்தான் வரும்.

ஆக உங்க தலைப்புக் கேள்விக்குப் பதில் இதான்: இது இருக்கிற இடத்துல ஆல்தோ இல்லாட்டி தோ போட்டா பெரும்பாலும் ஒத்துக்கும், ஆனா ஆல்தோ இருக்கிற எல்லா இடத்துலயும் இதைப் போட முடியாது.

---

மொழிமாற்றி:

உச்சரிப்பை யாரும் தொடலயே, நான் சொல்றேன். ஆல்-பீ-இட். மூணு அசை, அழுத்தம் நடுவுல இருக்கிற 'பீ' மேல. முதல் 'ஆல்' வந்து ஆல்வேஸ்ல வர்ற ஆல் மாதிரி. 'அல்பைட்' 'ஆல்பெய்ட்' ரெண்டுமே இல்ல. கடைசியில இ, ஐ சேர்ந்து வர்றதைப் பார்த்துட்டு ஜெர்மன் வார்த்தை மாதிரி சேர்த்து வாசிக்கிறதால வர்ற குழப்பம் அது, உண்மையில இ ஒரு அசையில முடியுது, ஐ அடுத்த அசையில ஆரம்பிக்குது.

ஏன்னா இது மூணு வார்த்தை ஒட்டினது. ஆல், பீ, இட். 14-ஆம் நூற்றாண்டு வாக்குல, கவிஞர் சாசர் எழுதின காலத்து இங்கிலீஷ்ல தனித்தனியாவே எழுதியிருக்காங்க. அந்தக் காலத்துல 'ஆல்'ங்கிறதுக்கு 'ஆனாலும்'னு ஒரு பொருள் இருந்துது, 'பீ இட்'னா 'அது அப்படி இருக்கட்டும்'. ரெண்டையும் சேர்த்தா 'அது அப்படியே ஆனாலும்'.

இதை முதல்ல கவனிச்சப்போ எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்க சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம 'ஆயினும்' அப்படியே இதே வழியில உருவான சொல். 'ஆ'ங்கிற வினை, 'ஆயின்'னா 'ஆனால்', அதுகூட 'உம்' சேர்ந்து ஆயினும். ஆனாலும்-கூட அதே கதைதான், ஆனால் பிளஸ் உம். இருத்தல், ஆதல்னு சொல்ற ஒரு வினைச்சொல்லை எடுத்து 'அப்படியே இருந்தாலும்'னு விட்டுக்கொடுக்கிற பொருளை ரெண்டு மொழியும் தனித்தனியா கட்டியிருக்கு. அதனால தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இந்த வார்த்தையோட உள்கட்டு அந்நியமே கிடையாது.

ஆனா வைக்கிற இடம்தான் நேர் எதிர், மொழிபெயர்க்கும்போது கவனமா இருக்க வேண்டியது அங்கதான். தமிழ்ல குறையை முதல்ல சொல்லிட்டு விஷயத்துக்கு வருவோம்: "சிறியதே ஆனாலும் வெற்றி வெற்றிதான்." இங்கிலீஷ்ல விஷயம் முன்னாடி, குறை பின்னாடி. அதனால தமிழ்ல யோசிச்சு அப்படியே வரிசை மாத்தாம எழுதினா வார்த்தை தானா வாக்கியத்தோட தலைக்குப் போயிடும், புதுவாசகனோட ரெண்டாவது மூணாவது வாக்கியம் ரெண்டுலயும் நடந்தது இதான்னு நினைக்கிறேன். "ஆயினும்"னு புது வாக்கியம் ஆரம்பிக்கிற இடத்துலயும் இதைப் போடாதீங்க, அந்த இடம் ஹவெவர், நெவர்தலெஸ் மாதிரி வார்த்தைகளுக்கு உரியது.

இன்னொண்ணு, இந்த வார்த்தை ஒரு காலத்துல வழக்கொழிஞ்சு போனதா எண்ணப்பட்டது. ஃபௌலர் 1926-ல கொண்டுவந்த ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில இதைப் பழஞ்சொல் கணக்குலதான் வச்சாரு. 1965-ல அதே அகராதியை எர்னஸ்ட் கவர்ஸ் திருத்தி வெளியிட்டப்போ, இது மறுபடியும் தாராளமா புழங்க ஆரம்பிச்சிடுச்சுன்னு பதிவு பண்ணிட்டாரு. இதோட உடன்பிறப்பு 'ஹௌபீயிட்'னு ஒண்ணு, 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல நிறைய வரும், அது திரும்பி வரவே இல்ல, இன்னைக்கு யாரும் எழுதுறதில்ல.

---

புதுவாசகன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த 'என்ன' விளக்கம் உடனே மண்டையில ஏறிடுச்சு, ஆயினும் விஷயம் கேக்கவே நல்லாருக்கு. இப்போ இதைப் பாருங்க:

ஷீ அக்ரீட், ஆல்பீயிட் ரிலக்டன்ட்லி.

திஸ் இஸ் எ யூஸ்ஃபுல் ஆல்பீயிட் ஸ்மால் சேஞ்ச்.

தி ரிசல்ட்ஸ் ஆர் குட், பட் ஆல்பீயிட் இன்கம்ப்ளீட்.

அப்புறம் ஒரு சந்தேகம், 'யூஸ்ஃபுல் ஆல்பீயிட் ஸ்மால்'னு எழுதுறதுக்கும் 'ஸ்மால் ஆல்பீயிட் யூஸ்ஃபுல்'னு எழுதுறதுக்கும் வித்தியாசம் உண்டா? ரெண்டு தகவலும் ஒண்ணுதானே?

---

தாள்திருத்தி:

முதலாவது அருமை. மூணாவதுல 'பட்'டை எடுத்துடுங்க. 'பட்' ஏற்கனவே திருப்பிடுச்சு, மறுபடி ஆல்பீயிட் வந்தா ஒரே திருப்பம் ரெண்டு தடவை ஆயிடும், ஆல்தோன்னு ஆரம்பிச்சு நடுவுல பட் போடுறதும் இதே சிக்கல்தான், நம்ம ஊர்க்காரங்க எழுத்துல அடிக்கடி பாக்குறேன், ஏன்னா நாம 'இருந்தாலும்... ஆனா'ன்னு சேர்த்தே பேசிப் பழகிட்டோம்.

ரெண்டாவதுல அமைப்பு சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி நுழைக்கும்போது ரெண்டு பக்கமும் கமா வைக்கிறது வழக்கம்: எ யூஸ்ஃபுல், ஆல்பீயிட் ஸ்மால், சேஞ்ச். சின்னச் சொல்லா இருந்தா கமா இல்லாமலும் சிலர் எழுதுறாங்க, ஆனா ஒண்ணை மட்டும் வச்சு இன்னொண்ணை விட்டுடாதீங்க.

வித்தியாசம் பத்தி கேட்டீங்க பாருங்க, நல்ல கேள்வி, நிறைய பேர் கேக்காமலே விட்டுடுற கேள்வி. தகவல் ஒண்ணுதான், ஆனா படிக்கிறவர் கையில போய்ச் சேர்றது ஒண்ணு இல்ல. கமாவுக்கு முன்னாடி இருக்கிறதுதான் நீங்க உறுதியா சொல்ற விஷயம், பின்னாடி வர்றது நீங்க ஒத்துக்கிற விஷயம். 'பயனுள்ளது, என்ன, சின்னது'ன்னு எழுதினா அந்த மாற்றத்தை நீங்க ஆதரிக்கிறீங்க. 'சின்னது, என்ன, பயனுள்ளது'ன்னு எழுதினா சிறுமைதான் முன்னாடி வந்து நிக்குது, பயனைப் போனாப் போகுதுன்னு ஒத்துக்கிற மாதிரி இருக்கு. ஒருத்தரோட வேலையைப் பத்தி ரிப்போர்ட் எழுதும்போது 'கேர்ஃபுல், ஆல்பீயிட் ஸ்லோ'ன்னு எழுதுறதும் 'ஸ்லோ, ஆல்பீயிட் கேர்ஃபுல்'னு எழுதுறதும் அவருக்கு எவ்வளவு வித்தியாசம்னு நினைச்சுப் பாருங்க. உங்க தீர்ப்பு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் வரிசையை வைங்க.

---

வேகநடை:

தாள்திருத்தி சொன்ன 'அதே விஷயமா, வெளித் தடையா'ங்கிற சோதனை ரொம்ப உபயோகமா இருக்கு, டெஸ்பைட்டைப் பிரிச்சுப் பாக்க நல்ல வழி. ஒரு கேள்வி, இதே இடத்துல 'இஃப்' போட்டும் பாத்திருக்கேன், எ யூஸ்ஃபுல், இஃப் ஸ்மால், சேஞ்ச்னு. அதுவும் இதுவும் ஒண்ணா? மெயில்ல, பேச்சுல எதைப் பயன்படுத்துறது?

---

மொழிமாற்றி:

கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா இஃப்ல ஒரு மங்கல் இருக்கு: சின்னதுன்னு உறுதியா ஒத்துக்கிறாரா, இல்ல 'சின்னதா இருக்கலாம்'னு விட்டுச் சொல்றாரா, இடத்தைப் பொறுத்து ரெண்டு விதமாவும் படிக்கலாம். ஆல்பீயிட்ல அந்தச் சந்தேகமே வராது, ஆமா சின்னதுதான்னு ஒத்துக்கிட்டாச்சு. துல்லியம் முக்கியமான எழுத்துல அதனாலதான் இதை எடுக்குறாங்க.

பேச்சுக்கும் சாதாரண மெயிலுக்கும் 'தோ' போதும், தி பிளான் வொர்க்டு, தோ ஸ்லோலின்னு எழுதினா யாருக்கும் கனமா தெரியாது. ரிப்போர்ட், கட்டுரை, விண்ணப்பக் கடிதம்னா ஆல்பீயிட் போடலாம், ஒரு பக்கத்துல ஒரு தடவைக்கு மேல வந்தா கண்ணை உறுத்தும், ரெண்டாவது இடத்துல தோவா மாத்திடுங்க. புதுவாசகன், நீங்க அந்த மூணாவது வாக்கியத்துல பட்டை எடுத்துட்டு, 'இன்கம்ப்ளீட்' எந்த விதத்துலன்னு ரெண்டு சொல் சேர்த்து மறுபடி எழுதி இங்க போடுங்க, பாத்துடலாம்.

---

புதுவாசகன்:

தி ரிசல்ட்ஸ் ஆர் குட், ஆல்பீயிட் பேஸ்டு ஆன் எ ஸ்மால் சாம்பிள். இது ஓகேவா?

---

தாள்திருத்தி:

நூத்துக்கு நூறு. அப்படியே ரிப்போர்ட்ல வைக்கலாம்.