உதவி தேவை: அழகர்கோவில் குரங்குக்கு எங்கள் கேரவன் அடையாளம் தெரிகிறது

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி நானும் வீட்டுக்காரரும் ஊர் சுற்றுகிறோம். புது இடம் போவோம் என்றுதான் கிளம்புவது. வண்டி போய் நிற்பதோ கீழக்குயில்குடி தாமரைக்குளம், வண்டியூர்த் தெப்பக்குளம், அழகர்கோவில் என்று பழகிய இடங்களில்தான். அங்கே டீக்கடைக்காரர் நாங்கள் இறங்கும் முன்பே சர்க்கரை கம்மியாக ஒன்று, ஸ்ட்ராங்காக ஒன்று என்று ஆற்ற ஆரம்பித்துவிடுவார். அந்தச் சுகம் புது ஊரில் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், அழகர்கோவில் குரங்குகளுக்கும் நாங்கள் பழகிவிட்டோம். வண்டி நின்றதும் ஒரு பெரிய கடுவன் மதிலில் இருந்து தாவி நேராக எங்கள் கூரைக்கு வருகிறது. பக்கத்து வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன தடவை கூரை ஜன்னல் மூடியை நெம்பி உடைத்து, மேல் தட்டில் இருந்த கோவில் தோசைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூடி 14 அங்குலச் சதுரம், பிளாஸ்டிக். அந்த இடத்தை விட எங்களுக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?

ஒத்தக்கடை பட்டறை: அக்கா, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அதனால்தான் சுலபமாக உடைந்தது. புது மூடி போட்டு, அதன்மேல் வெல்டு மெஷ்ஷில் ஒரு கூண்டு அடியுங்கள். கண் 1 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மூடி முழுசாகத் திறக்க இடம் விடுங்கள். கூரையில் புதுசாக ஓட்டை மட்டும் போடாதீர்கள், ஐப்பசி மழைக்கு ஒழுகும். கேரியர் கம்பியிலேயே கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம்.

மலையடிவாரம்: அம்மா, யாராவது அதற்குப் பழம் கொடுத்தீர்களா? கொடுத்த வண்டியை அது மறக்காது. எங்கள் ஊர்க் குரங்குகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, கெடுத்தது நாம்தான். நாட்டுக் குரங்கு பொழுது சாய்ந்தால் மரமேறித் தூங்கிவிடும், அதனால் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாம். பகலில் மரத்தடியில் நிறுத்தாதீர்கள், கிளைதான் அதற்குப் படிக்கட்டு. தோசையை எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக்கி மூடுங்கள், அந்த நெய் வாசம் லேசில் அடங்காது. அது கூரைக்கு வந்தால் முறைத்துப் பார்க்காதீர்கள், பல்லும் தெரியக்கூடாது. சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்: நாங்கள் கொடுத்ததில்லை தம்பி. ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் எங்கள் கூரைமேல் வாழைப்பழத்தை வைத்து வேடிக்கை காட்டியது! ஒத்தக்கடைத் தம்பி, கூண்டு வைத்தால் வண்டி உயரம் கூடுமே, ரயில்வே சுரங்கப்பாதையில் இடிக்காதா?

ஒத்தக்கடை பட்டறை: இடிக்கும். கூண்டோடு சேர்த்து அளந்து டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள். பாலத்து போர்டில் உள்ள உயரத்தைப் பார்த்த பிறகுதான் வண்டியை உள்ளே விட வேண்டும்.

கேட்டவர்: சரி தம்பி, அடித்துவிடுகிறோம். சித்திரைத் திருவிழாவுக்கு அங்கே நிறுத்த இடம் கிடைக்குமா?

மலையடிவாரம்: அழகர் புறப்படுகிற அன்றைக்குக் கூட்டம் தாங்காது அம்மா. அவர் மலைக்குத் திரும்பிய மறுவாரம் வாருங்கள்.