வாங்கும் எண்ணத்தோடு வருபவர்களுக்கான தேடுசொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கன்னங்குறிச்சி காபி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் காபி போடுவதற்கான பொருட்களைப் பற்றித் தமிழில் ஒரு வலைத்தளம் நடத்தி வருகிறேன். பில்டர், கையால் சுற்றும் அரைப்பான், காபிக்கொட்டை, டபரா செட் ஆகியவற்றைப் பற்றி எழுதி, கட்டுரைக்குள் அமேசான் அஃபிலியேட் இணைப்புகளை (அவற்றின் வழியாக யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்) சேர்க்கிறேன். மலையடிவாரத்தில் குடியிருப்பதால் ‘ஏற்காடு காபி’, ‘ஏற்காடு காபித் தோட்டம்’ போன்ற தேடுசொற்களை மனத்தில் வைத்துச் சில கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றுக்குக் கூகுளிலிருந்து நல்ல வரத்து இருக்கிறது. ஆனால் வருபவர்கள் இணைப்பைத் தொடுவதே அரிதாக இருக்கிறது. ‘பித்தளை பில்டரா, எவர்சில்வர் பில்டரா’ என்ற சிறிய கட்டுரைக்கோ வாசகர்கள் குறைவு, என் கமிஷனில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரில் பார்த்தால் அந்தச் சொற்றொடருக்குத் தேடல் எண்ணிக்கை மிகச் சொற்பமாகத் தெரிகிறது. எண்ணிக்கையை நம்பக் கூடாது என்றால், அடுத்த கட்டுரைக்கான தேடுசொல்லை எதை வைத்து முடிவு செய்வது?

அஸ்தம்பட்டி வாசகர்

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது, நண்பரே. ஆண்ட்ரே பிரோடர் என்ற ஆய்வாளர் 2002-இல் இணையத் தேடல்களை மூன்று வகையாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான தேடல், ஒரு குறிப்பிட்ட தளத்தைச் சென்றடைவதற்கான தேடல், ஒரு செயலைச் செய்து முடிப்பதற்கான தேடல். அஃபிலியேட் எழுதுபவருக்குச் சோறு போடுவது மூன்றாவது வகையும், முதல் வகையிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் தேடல்களுமே.

‘ஏற்காடு காபி’ என்று தேடுபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு மலையேறத் திட்டமிடுபவர், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புபவர், அண்ணா பூங்காவிலிருந்து திரும்பும் வழியில் காபித்தூள் எங்கே வாங்கலாம் என்று கேட்பவர், பள்ளிக் கட்டுரைக்குக் குறிப்பு எடுப்பவர் என்று பலரும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்குவர். அவர்களில் தூள் வாங்க நினைப்பவர்கூட அதை ஏற்காட்டுக் கடையில் வாங்கத்தான் நினைக்கிறார். கூரியரில் வரும் பில்டர் அவர் எண்ணத்தில் இல்லை. ஒரு சொல்லுக்கான தேடல் மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் அந்தச் சொல்லை இட்டு, கோடை விழா நடக்கும் மே மாதத்தையொட்டிக் கோடு உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால், வருபவர்கள் பயணிகள் என்பது உறுதி.

பித்தளையா எவர்சில்வரா என்று கேட்பவரோ பில்டர் வாங்குவது என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். இரண்டில் எதை என்பது மட்டுமே அவருக்குப் பாக்கி. ஆகவே ஒரு தேடுசொல்லை எடுத்துக்கொண்டு, ‘இதைத் தட்டச்சு செய்தவர் இதற்கு முன்பு எதையெல்லாம் முடிவு செய்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ‘காபி உடலுக்கு நல்லதா’ என்பவர் எதையும் முடிவு செய்யவில்லை. ‘பில்டரில் டிகாஷன் இறங்கவில்லை’ என்பவர் பில்டரை வைத்திருக்கிறார். அவருக்குப் புதுப் பில்டரை விற்க முயல்வதைவிட, தூள் மிக நைசாக அரைக்கப்பட்டதால் துளைகள் அடைபட்டிருக்கலாம் என்று விளக்கி, பருவெட்டாக அரைக்க வசதியுள்ள அரைப்பானைக் காட்டலாம். ‘இரண்டு பேருக்கு எந்த அளவு பில்டர்’, ‘3000 ரூபாய்க்குள் காபி அரைப்பான்’ என்று தேடுபவர் கையில் பணத்தோடு நிற்கிறார். அளவு, தொகை, மாடல் எண், இரண்டு பொருட்களின் ஒப்பீடு ஆகியவை தேடலுக்குள் வந்துவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கீவேர்டு பிளானரைப் பற்றி ஒரு விளக்கம். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குகளுக்கு அது துல்லியமான எண்ணைக் காட்டாமல், 100 முதல் 1000 வரை என்பது போன்ற அகன்ற வரம்பைத்தான் காட்டுகிறது. அதிலுள்ள ‘போட்டி’ என்ற நெடுவரிசை விளம்பரதாரர்களுக்கிடையிலான போட்டியைக் குறிக்கிறது. உங்கள் கட்டுரை முதல் பக்கத்துக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லாது. தேடல் பக்கத்தின் மேற்பகுதியில் இடம்பிடிக்க விளம்பரதாரர்கள் கொடுக்கும் ஏலத்தொகை மட்டும் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் விற்காத சொல்லுக்கு எந்த வியாபாரியும் தொடர்ந்து பணம் கட்ட மாட்டார். ஆனாலும் தமிழ்ச் சொற்களுக்கு விளம்பரம் செய்வோர் குறைவு என்பதால், அங்கே தொகை காலியாக இருந்தாலும் வாங்குபவர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கருவிகளைவிட நம்பகமானது தேடல் முடிவுப் பக்கமே. நீங்கள் குறிவைக்கும் சொல்லை இட்டுப் பாருங்கள். வரைபடமும் கடைகளின் பட்டியலும் முதலில் வந்தால், தேடுபவர் நேரில் போகப் போகிறார் என்று கூகுள் கருதுகிறது என்று பொருள். காணொளிகள் நிறைந்திருந்தால் கற்றுக்கொள்ள வந்தவர். பொருட்களின் படங்களும் ஒப்பீட்டுக் கட்டுரைகளும் வந்தால் அது உங்கள் இடம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி

எங்கள் குடும்பத் தொழில் கொலுசு; இணைய விற்பனையைக் கவனிப்பது என் பொறுப்பு. மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் ‘விலை’ என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அந்தச் சொல் இருந்தாலே வாங்குபவர் வந்துவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். ‘வெள்ளி விலை இன்று’ என்று தேடுபவர்களில் பெரும்பாலோர் நிலவரம் பார்க்கிறவர்கள். நாளையும் அதையே தேடுவார்கள். ‘கொலுசு மொத்த விலை’ என்பவர் கடை வைத்திருப்பவர். அவருக்குத் தேவை பட்டறையின் தொலைபேசி எண், கட்டுரையன்று. இளம்பிள்ளைச் சேலைகளுக்கும் இதே கதைதான். இதற்கு மாறாக, ‘ஒரு வயதுக் குழந்தைக்குக் கொலுசு எத்தனை அங்குலம்’ என்ற கேள்வியில் விலை என்ற சொல்லே கிடையாது, ஆனால் அதைக் கேட்பவரது வீட்டில் ஏதோ ஒரு விசேஷத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

‘கூப்பன்’, ‘தள்ளுபடி’ ஆகிய சொற்களையும் சிறு தளங்கள் விட்டுவிடுவது நல்லது. அவற்றைத் தேடுபவர் வாங்கப் போகிறவர்தான், ஆனால் பொருளை வேறெங்கோ தேர்ந்தெடுத்து முடித்துவிட்டு வருகிறார். அங்கே அதற்கென்றே இருக்கும் பெரிய தளங்களோடு மோத வேண்டியிருக்கும்.

கன்னங்குறிச்சி காபி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். ஒன்று, நம் மக்கள் ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்திலும், தமிழை ஆங்கில எழுத்திலும், முழு ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். கட்டுரையை எதற்கு ஏற்ப அமைப்பது? இரண்டு, ‘3000 ரூபாய்க்குள்’ என்று தலைப்பு வைத்தால், விலை மாறும்போது என்ன செய்வது?

வாழப்பாடி வாசகி

முதல் ஐயத்துக்கு, மக்கள் எதைத் தேடியபோது உங்கள் தளம் காட்டப்பட்டது என்று சொல்லும் கூகுளின் சர்ச் கன்சோலே விடை தரும். செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவு இருப்பதால், போன தீபாவளிக் காலத்தையும் இப்போதைய மாதங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வினவல்களை வடிகட்டும் இடத்தில் ‘எது’, ‘எந்த’, ‘வாங்க’, ‘அளவு’ என்ற சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு முறையும், ஆங்கில எழுத்தில் ஒரு முறையும் இட்டுப் பாருங்கள். பலருக்குக் காட்டப்பட்டும் சிலரே தொட்டிருக்கும் வினவல்களில், உங்கள் கட்டுரை இரண்டாம் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் சொற்கள் அகப்படும். அவற்றிலிருந்தே அடுத்த தலைப்பை எடுங்கள்; வெறும் கற்பனையில் புதுச் சொற்களைத் தேடுவதைவிட இது பயன் தரும். ஆங்கில எழுத்தில் வரும் வினவல்களுக்கென்று தனிக் கட்டுரை எழுத வேண்டியதில்லை என்பது என் கருத்து. பொருளின் பெயரையும் மாடல் எண்ணையும் பெட்டியில் அச்சிட்டிருப்பது போலவே கட்டுரையில் ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் போதும்.

இரண்டாவது ஐயத்துக்கு: அமேசான் அஃபிலியேட் விதிகளின்படி, அவர்கள் தரும் கருவிகளின் வழியாக அல்லாமல் ஒரு பொருளின் விலையைக் கையால் எழுதி வைக்கக் கூடாது. எனவே தலைப்பில் தொகை வரம்பை வைத்துக்கொண்டு, கட்டுரைக்குள் அந்த வரம்பில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எழுதுங்கள். குறைந்த விலை மின் அரைப்பான்கள் பெரும்பாலும் கத்தியால் வெட்டுபவை என்பதால் தூள் ஒரே சீராக வராது என்பதும், கொட்டையை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நசுக்கும், கையால் சுற்றும் பர் வகையில் அந்தக் குறை குறைவு என்பதும் விலை ஏறி இறங்கினாலும் மாறப் போவதில்லை. வரம்பைத் தாண்டிவிட்ட பொருளை மட்டும் அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

ஏற்காட்டுக் கட்டுரைகளை அழித்துவிடாதீர்கள். அவற்றில் இப்போதுள்ள அஃபிலியேட் இணைப்புகளை எடுத்துவிட்டு, தோட்டத்தில் கொட்டை வாங்கியவர் வீட்டில் அதை எப்படி அரைப்பது என்ற பத்தியைச் சேர்த்து, அங்கிருந்து உங்கள் அரைப்பான் ஒப்பீட்டுக் கட்டுரைக்கு ஓர் உள் இணைப்பு கொடுங்கள். மலையிலிருந்து கொட்டையோடு இறங்குகிறவருக்கு அடுத்த தேவை அதுதான்.