‘நல்’லுக்கு ஒரு நல்ல சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

அன்பர்களுக்கு வணக்கம்.

தக்கலையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். தரவுத்தளப் பாடக்குறிப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மதிப்பு தெரியவில்லை என்று குறிக்கும் ஆங்கில ‘null’ஐ ‘நல் மதிப்பு’ என்று ஒலிபெயர்த்து வைத்திருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் புணர்ச்சி சேர்த்து ‘நன்மதிப்பு’ ஆக்கிவிட்டார்!

சங்கதி இதுதான். படிவத்தில் அலைபேசிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் உலாவி அதை வெற்றுச் சரமாக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையாக, அனுப்பிவிடும். அப்படியே அட்டவணையில் ஏற்றினோம். ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது என்று விதி போட்டிருந்தோம். எண் தராத முதல் பையன் ஏறிவிட்டான். இரண்டாமவன் வெளியே நிற்கிறான். இரண்டு வெறுமையும் ஒன்றுதானாம். அதையே நல்லாக மாற்றி ஏற்றினால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இரண்டிலும் வழக்கமாக எத்தனை பேரும் ஏறலாம். தெரியாததும் தெரியாததும் சமம் என்று அது சொல்வதில்லை. இந்த வித்தியாசம் சொல்லிலேயே தெரியவேண்டும்.
— தக்கலை

‘இன்மை’ போதுமே, அண்ணாச்சி.
— மார்த்தாண்டம்

வள்ளுவருக்கு இன்மை என்றால் வறுமை. 1041ஆம் குறளில் மட்டும் மூன்று தடவை வருகிறது. ‘இன்மை அனுமதிக்கப்படும்’ என்று படித்தால் ரேஷன் அட்டைதான் ஞாபகம் வரும். பரிபாடலில் சுழியத்துக்குப் ‘பாழ்’ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.
— நாகர்கோவில்

ஐயா, சுழியம் ஓர் எண். கடன் பாக்கி சுழியம் என்பது வேறு, பாக்கி எவ்வளவு என்றே தெரியாதது வேறு. கடன் கொடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.
— தக்கலை

தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டிருந்த அதங்கோட்டாசான் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இலக்கணத்தை மறக்கலாமா? வாக்கியத்தில் வெளிப்படாமல் நிற்கும் தோன்றா எழுவாய் இருக்கிறது. ‘தோன்றா மதிப்பு’ என்று வையுங்கள்.
— குழித்துறை

‘வந்தேன்’ என்றால் ‘ஏன்’ என்ற விகுதி எழுவாயைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நல்லுக்கு ஏது விகுதி? அப்புறம், தோன்றா மதிப்பு என்றால் பிள்ளைகள் திரை பழுது என்பார்கள்.
— மார்த்தாண்டம்

ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சரத்தையே நல்லாகத்தான் வைத்துக்கொள்கிறது. அங்கே இரண்டு சொல்லை வைத்து என்ன செய்வீர்கள்?
— குளச்சல்

அதங்கோடு எந்த அதங்கோடு என்று இதுவரை பதினொரு மடல். சரி, வெற்றுச் சரத்துக்கு ‘வெற்று’, நல்லுக்கு ‘இன்மை’ என்றே அனுப்புகிறேன். நான்கு பேர் சம்மதம்.
— தக்கலை

அனுப்புங்கள். என் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதிவிடுங்கள், கட்டத்தைக் காலியாக விடவேண்டாம்.
— நாகர்கோவில்