மரங்களை வெட்டாமல் வீடு கட்ட யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சி பக்கம் 12 சென்ட் இடத்தில் வீடு கட்டப் போகிறோம். மேற்கே பெரிய வேம்பு, நடுவில் மாமரம், பின்னால் நான்கைந்து தென்னை. மாமரத்தை எடுத்தால்தான் பிளான் சரியாக வரும் என்கிறார் பொறியாளர். எனக்கு மனசே இல்லை. வீடுதான் மரத்தைச் சுற்றி வளைய வேண்டும்.

இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-ல் வாங்கிய லுனுகங்கா தோட்டத்தைப் படங்களில் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. அங்கே வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதே போல, மாமரத்தை முற்றத்தில் விட்டு, அதைச் சுற்றி அகலமான தாழ்வாரம், கடப்பா கல் தரை, பெரிய கண்ணாடிக் கதவுகள் என்று நினைத்திருக்கிறேன்.

முதல் கவலை வேர்தான். வழக்கமான அஸ்திவாரம் தோண்டினால் வேர் அறுபடும். அங்கங்கே துளையிட்டு ஆழமாகத் தூண் இறக்கி (பைல்), மேலே பீம் கட்டினால் மரம் பிழைக்குமா? செலவு எவ்வளவு கூடும்? மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளிப் போட்டீர்கள்?

அடுத்தது தரைமட்டம். தோட்டமும் உள்தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் அழகு. ஆனால் மழைத் தண்ணீரும் கரையானும் பாம்பும் உள்ளே வருமே, என்ன செய்தீர்கள்? அப்புறம், தென்னைக்குப் பக்கத்தில் கூரைக்கு ஓடு போடலாமா, கான்கிரீட்தான் நல்லதா?

இப்படிக் கட்டி குடியிருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி. பிளான், படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.