ஒன்டாரியோவில் ஃபார்மசிஸ்ட் பார்த்தால் எதற்குப் பணம் கட்ட வேண்டும், எதற்கு வேண்டாம்?

டொரொன்டோ பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண் சிவந்திருக்கிறது, பூச்சி கடித்துத் தடித்துவிட்டது என்று கைக்குழந்தையோடு முன்பதிவு இல்லாமல் போகும் வாக்-இன் கிளினிக்கில் மணிக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. பக்கத்து மருந்துக்கடையிலேயே முடிகிற காரியம் அது.

2023 ஜனவரி முதல் இங்கே ஃபார்மசிஸ்டே சில சின்ன உபாதைகளைப் பார்த்து மருந்து எழுதித் தரலாம். முதலில் 13 இருந்தது, அதே வருடம் அக்டோபரில் 19 ஆனது. கண் சிவக்கும் கண்வலி (மெட்ராஸ் ஐ), நெஞ்செரிச்சல், மூலம், பூச்சிக்கடி, அலர்ஜி மூக்கடைப்பு, சுளுக்கு, பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பு, குழந்தைக்கு டயப்பர் புண், கர்ப்பகால வாந்தி எல்லாம் அதில் உண்டு. நீர்க்கடுப்போடு காய்ச்சலோ முதுகுவலியோ இருந்தால் மட்டும் நேரே டாக்டரிடம் போங்கள்.

ஹெல்த் கார்டைக் காட்டினால், பார்த்துச் சொல்வதற்கு உங்களுக்குக் காசு கிடையாது. அரசே கடைக்குக் கொடுத்துவிடும். மருந்து எழுதினாலும், 'மருந்து தேவையில்லை' என்று சொல்லி அனுப்பினாலும் கடைக்கு அந்தப் பணம் போய்விடும். அதனால் எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சங்கடப்படாதீர்கள். எழுதித் தந்த மருந்தை வேறு கடையிலும் வாங்கலாம், அது உங்கள் உரிமை.

ஹெல்த் கார்டுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். 2020 மார்ச்சிலேயே அதை எடுத்துவிட்டார்கள். பிஆரில் (நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு) வந்தவர்கள் இறங்கியதும் விண்ணப்பியுங்கள்.

சரி, மருந்துக்கு யார் பணம் தருவது? பலரும் ஏமாறுவது இங்கேதான். ஹெல்த் கார்டு தருகிற ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) பார்ப்பதற்குத்தான், மருந்துக்கு இல்லை. 25 முதல் 64 வயதுவரை பெரும்பாலானவர்களுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ், இல்லாவிட்டால் கைக்காசு. 65 ஆனால் அரசின் மருந்துத் திட்டம் தானாக வந்துவிடும். 24 வயதுவரை உள்ளவர்களுக்கு ஓஹிப் பிளஸ் என்ற இலவச மருந்துத் திட்டம் இருக்கிறது, ஆனால் பிள்ளை உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தால் அது கிடைக்காது. அந்த இன்சூரன்ஸ் குறிப்பிட்ட மருந்துக்குப் பணம் தராவிட்டாலும் கிடைக்காது. வேலையில் சேரும்போது பிள்ளைகளை அதில் சேர்ப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

இன்சூரன்ஸ் கார்டு கையில் வரும் முன் வாங்கிய மருந்துக்குப் பிறகு க்ளெய்ம் போடலாம். அதற்குக் கேஷ் கவுன்டரில் அடித்துத் தரும் சின்னச் சீட்டு உதவாது. மருந்துப் பையோடு ஃபார்மசி தரும் முழு ரசீது வேண்டும். அதில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், டின் எனப்படும் 8 இலக்க மருந்து அடையாள எண், மருந்து விலை, மருந்தை எடுத்துத் தருவதற்குக் கடை வாங்கும் டிஸ்பென்ஸிங் ஃபீ எல்லாம் இருக்கும். தொலைத்துவிட்டால் கடையிலேயே கேளுங்கள், மறுபடி அச்செடுத்துத் தருவார்கள். அந்த டிஸ்பென்ஸிங் ஃபீ கடைக்குக் கடை மாறும், எவ்வளவு என்று கடையில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பல இன்சூரன்ஸ் திட்டங்கள் ஒரு வரம்புக்கு மேல் இந்த ஃபீயைத் தராது. காஸ்ட்கோ ஃபார்மசிக்கு மெம்பர்ஷிப் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அவரவர் திட்டத்தில் போட்டு, மிச்சத்தை மற்றவருடையதில் போடுங்கள். பிள்ளைகளுக்கு, வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடைய திட்டம் முதலில். வருமானத்தோடு பார்த்தால் மருந்துச் செலவு அதிகம் என்றால் ஒன்டாரியோ அரசின் ட்ரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானத்தில் சுமார் 4 சதவீதம் வரை நாம் கட்ட, அதற்கு மேல் அரசு ஏற்கும். அப்புறம், நீங்களே கட்டிய மருந்துச் சீட்டு ரசீதுகளை டாக்ஸ் ஃபைல் பண்ணிய பிறகும் எறிய வேண்டாம், ஆறு வருடம் வைத்திருங்கள்.

டாக்டர் எழுதித் தந்த மருந்துகளில் மூன்று வகையோ அதற்கு மேலோ தொடர்ந்து சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் வருடத்துக்கு ஒருமுறை 'மெட்ஸ்செக்' கேட்டு வாங்குங்கள். ஃபார்மசிஸ்ட் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பார்ப்பார், இலவசம். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

சூப்பர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மேலே சொன்ன இலவசம் எதுவும் பொருந்தாது, அவர்களுக்கு ஓஹிப் இல்லை. விசாவுக்காக எடுத்த இன்சூரன்ஸ் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்குத்தான். தினசரி மாத்திரையை ஊரிலிருந்தே டாக்டர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே ஃபார்மசிஸ்டிடம் காட்டுவதானால் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.