கல்கூர்லி பக்கம் தங்கம் தேடப் போகும் தம்பி: அங்கே ஆட்கள் எப்படி?

குடியாத்தம்_தறி:
என் தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் வேலை பார்க்கிறான். ஈஸ்டர் லீவில் நண்பர்களோடு மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கல்கூர்லி என்கிற தங்கச் சுரங்க ஊருக்கு அப்பால் தங்கம் தேடப் போகிறானாம். அங்கே தனியாகத் திரிகிறவர்கள் எல்லாம் முரட்டுக் குடிகாரர்கள் என்று யாரோ சொல்லி, அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

லத்தேரி_மெக்கானிக்:
தம்பி, நான் கல்கூர்லியில் நாலு வருஷம் லாரி மெக்கானிக். முரடர்கள்தான், ஆனால் "எங்கே கிடைத்தது?" என்று கேட்டால்தான் அது வெளியே வரும். ஒரு கிழவர் வண்டி ரிப்பேருக்கு வருவார். தாடியெல்லாம் செம்மண். கெட்ட வார்த்தை இல்லாமல் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. ஒருநாள் சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் குலுக்கினார். உள்ளே துவரம்பருப்பு மாதிரி ஏழெட்டுத் தங்கத் துண்டு. வாய் தவறி இடத்தைக் கேட்டுவிட்டேன். டப்பாவை மூடியவர் ஆறு மாதம் ஷெட் பக்கமே வரவில்லை.

1893-ல் பேடி ஹானன் என்ற அயர்லாந்துக்காரரும் இரண்டு கூட்டாளிகளும் அங்கே தங்கம் கண்டபோது அலசத் தண்ணீர் ஏது? மண்ணை உயரத் தூக்கி ஒரு தட்டிலிருந்து இன்னொன்றில் கொட்டுவார்கள். தூசு காற்றோடு போகும், தங்கம் தட்டில் நிற்கும். நம் களத்தில் நெல் தூற்றுவதேதான். பெர்த் பக்கமிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் தண்ணீர் வந்ததே 1903-ல்தான்.

'மைனர்ஸ் ரைட்', அதாவது தங்கம் தேட அரசு தரும் அனுமதிச் சீட்டு, வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறர் சுரங்கத்துக்கு லீஸ் எடுத்த நிலத்தில் கேட்காமல் நுழையக் கூடாது. அப்புறம், பழைய சுரங்கக் குழிகள். வேலியில்லாமல் வாயைத் திறந்து கிடக்கும். ஒருமுறை ராத்திரி ஒன்றுக்குப் போக டார்ச் இல்லாமல் பத்தடி நடந்தேன். காலில் இடறிய கல் உருண்டது, விழுந்த சத்தம் வர நேரமாயிற்று. அன்றிலிருந்து டார்ச் தலைமாட்டில்தான்.

மாரிக்குப்பம்_பேத்தி:
நம் கோலார் தங்கவயலில் (கேஜிஎஃப்) முதலில் உரிமம் வாங்கிய லவெல்லும் அயர்லாந்துக்காரர்தான், நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய். வெட்டியது வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஆட்கள். 2001-ல் மூடும்வரை அப்பா சுரங்கத்தில் இறங்கினார். அவர் கையில் தங்கம் இருந்தது கல்யாண மோதிரமாகத்தான். உங்கள் தம்பி, கிடைத்தால் தானே வைத்துக்கொள்ளலாம்.

குடியாத்தம்_தறி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தூற்றுகிற இடத்தில் சிரித்துவிட்டு, சோறு போடச் சொன்னார். குழி விஷயத்தை மட்டும் தாண்டிப் படித்துவிட்டேன்.